சேனையும் சீம்பாலும்

தென்காசிச் சீமையில் சிவகிரிப் பக்கம் பிள்ளை பிறந்த வீட்டில் தாய்ப்பாலுக்கு முன்னால் பேச்சில் வந்தது சேனைதான். சேனை வைக்க யாரைக் கூப்பிடுவது என்று வீட்டுப் பெரியவர்கள் கூடி முடிவு செய்வார்கள். பொறுமைசாலி, கைராசிக்காரர், நோய்நொடி இல்லாமல் வாழ்ந்து பேரன் பேத்தி எடுத்தவர் என்று பார்த்து ஒருவரை அழைப்பார்கள். அவர் சீனித் தண்ணீரையோ தேனையோ விரல் நுனியில் தொட்டு, அல்லது வெள்ளைத் துணியைத் திரியாக முறுக்கி நனைத்து, பிள்ளையின் நாக்கில் வைப்பார். கழுதை ஓட்டி வருகிறவர் தெருவில் தென்பட்டால் கண்முன்னே கறந்த ஒரு சங்கு கழுதைப்பாலையும் வாங்கிப் புகட்டுவது உண்டு. சேனை வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. வளர்ந்த பிள்ளை முரண்டு பிடித்தால், "இவனுக்கு யாரு சேனை வச்சா?" என்று கேட்பது தென்மாவட்டங்களில் இன்றும் காதில் விழும் பேச்சு. அதே வீட்டில், அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. தாய்க்கு முதலில் ஊறிய சீம்பால், மஞ்சள் பாரித்துக் கெட்டியாக இருந்ததால், பழம்பால் என்றும் செரிக்காது என்றும் மாந்தம் வரும் என்றும் சொல்லிப் பீய்ச்சி விடப்பட்டது. பல வீடுகளில் மூன்றாம் நாள்தான் பிள்ளை மார்பில் வாய் வைத்தது. தொழுவத்தில் மாடு கன்று ஈன்றாலோ நடப்பே வேறு. அந்தச் சீம்பாலில் கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, ஏலக்காய் சேர்த்து, ஆவியில் அவித்து, கட்டியாக வந்ததைத் துண்டு போட்டு அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்து அனுப்பினார்கள். மாட்டுச் சீம்பாலின் அருமை தெரிந்த வீட்டில் தாயின் சீம்பால் மண்ணுக்குப் போயிற்று.

இந்த வழக்கத்தின் வரலாற்றை இப்போது புரட்டிப் பார்க்க ஒரு காரணம் இருக்கிறது. தாய்ப்பாலில் மட்டும் செறிந்து காணப்படும் சில சர்க்கரைகள் குடலையும் மூளையையும் காக்கக்கூடும் என்றும், அந்தக் காப்பு முதுமைக்கும் உதவலாம் என்றும் சில ஆண்டுகளாக ஆய்வாளர்கள் சொல்லி வருகிறார்கள். தொட்டியில் நொதிக்க வைத்துத் தயாரித்த அதே சர்க்கரையைப் பொடியாக்கிப் பெரியவர்களுக்கு விற்கும் வணிகமும் உலகச் சந்தையில் வளர்ந்துவிட்டது. வாழ்வின் முதல் நாளில் கொட்டிய பொருளைக் கடைசிக் காலத்தில் விலை கொடுத்து வாங்கும் நிலைக்கு வந்திருக்கிறோம். என் கருத்து இது. முதல் வாயில் போவது ஆயுளுக்கும் கூட வரும் என்று சேனை வைத்த சமூகம் எண்ணியதில் ஆழமான ஓர் உண்மை இருந்தது. ஆனால் அந்த இடத்தில் வைக்கத் தேர்ந்தெடுத்த சர்க்கரை தவறானது. முதல் நாள்களைப் பற்றி நம்மிடம் இருக்கும் சான்று உறுதியானது, முதுமையைப் பற்றிய சான்று இன்னும் இளசு. நம் பணமும் கவனமும் அந்த வரிசையிலேயே போக வேண்டும்.

சிவகிரியின் எழுதப்பட்ட வரலாறு பாளையத்தின் வரலாறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் சாலையில் இருக்கும் இவ்வூர் முதலில் பாளையமாகவும், பாளையக்காரர் போர்கள் ஓய்ந்த பின் ஜமீனாகவும் இருந்தது. 1881இல் கால்டுவெல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரமும் 1917இல் பேட் தொகுத்த மாவட்ட கெஜட்டியரும் அப்படித்தான் இவ்வட்டாரத்தைப் பார்க்கின்றன. வரி, வாரிசு, படை, பாசனம் ஆகியவற்றுக்குக் கிடைத்த இடம் பேறுகால அறைக்குக் கிடைக்கவில்லை. அந்த அறையின் வரலாறு மருத்துவச்சிகளின் கையிலும் பாட்டிமார்களின் வாயிலும் இருந்தது. எழுத்தில் இல்லாததாலேயே அதைப் பட்டிக்காட்டு மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிதாகப் போயிற்று. அது நியாயமில்லை, ஏனென்றால் பிறந்த குழந்தைக்குத் தாயின் முதல் பால் ஆகாது என்பது உலகத்துப் பெரிய மருத்துவர்களும் ஏற்றிருந்த கருத்து. பால் மூன்று நான்கு நாள் கழித்தே இறங்கும் என்று சொல்லும் சுசுருத சம்ஹிதை, அதுவரை தேனும் நெய்யும் கொடுக்கச் சொல்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் மருத்துவம் பார்த்த சொரானஸ், பெற்ற தாயின் பாலைச் சில வாரம் ஒதுக்கச் சொன்னார். அவரும் முதலில் கொடுக்கச் சொன்னது தேன்தான். வில்லியம் கேடகன் எழுதி 1748இல் லண்டனில் வெளிவந்த சிறு நூல்தான், பிள்ளையைச் சீக்கிரமே தாயின் மார்பில் விடுங்கள் என்று ஐரோப்பியரைத் திருப்பிய எழுத்துகளில் முக்கியமானது. ஆகவே சிவகிரிப் பாட்டி தனியாகப் பிழை செய்யவில்லை. ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கும் மேலாக மருத்துவ ஏடுகளில் இருந்த பிழையைத்தான் அவளும் செய்தாள்.

அவளிடம் காரணங்களும் இருந்தன. முதல் நாள் சொட்டுச் சொட்டாக ஊறும் பாலைப் பார்த்தால் பிள்ளைக்குப் போதாது என்றுதான் எவருக்கும் தோன்றும். பிறந்த குழந்தையின் இரைப்பைக்கு அந்தச் சொட்டுகளே போதுமானவை என்பது கண்ணால் பார்த்துத் தெரிகிற செய்தியல்ல. பச்சை உடம்புக்காரி ஓய்வெடுக்கட்டும் என்ற கரிசனமும் அதில் சேர்ந்திருந்தது. பக்கத்து வாசுதேவநல்லூர் சுற்று கரும்பு விளைந்த பூமி, தெற்கே போனால் பனங்காடு. வெல்லமும் கருப்பட்டியும் வீட்டில் எப்போதும் இருந்தன, நல்ல காரியம் எதுவும் இனிப்பில்தான் தொடங்கியது. கழுதைப்பாலைத் தேர்ந்தெடுத்ததிலும் கூர்மையான ஒரு கவனிப்பு இருக்கிறது. மாட்டுப்பாலை விடக் கழுதைப்பால் நீர்த்தது, இனிப்பானது, புரதம் குறைந்தது. இந்த மூன்றிலும் அது மனிதப் பாலுக்கு நெருக்கம். தாய்ப்பாலை இந்தச் சமூகம் இழிவாகவும் நினைக்கவில்லை. வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு என்று ஒவ்வொன்றாக எடுத்து, உரைகல்லில் நாலு சொட்டுத் தாய்ப்பாலை விட்டு, ஒன்றுக்கு இரண்டு சுற்று, இன்னொன்றுக்கு மூன்று சுற்று என்று கணக்காக இழைத்துக் குழந்தையின் நாக்கில் தடவிய உரைமருந்து நம் வீடுகளில் இருந்தது. சித்த மருத்துவத்தில் முலைப்பால், மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் ஓர் அனுபானம், கண் நோய்க்கும் அதைச் சொட்டினார்கள். உமையின் பாலை உண்டு மூன்று வயதில் ஞானம் பெற்றவராகச் சம்பந்தரைக் கொண்டாடும் மரபு இது. பாலுக்கும் அறிவுக்கும் உறவு உண்டு என்பது தமிழருக்குப் புதுச் செய்தி ஆகாது. இத்தனைக்கும் நடுவில் விலக்கு விழுந்தது அந்த முதல் மூன்று நாள் பாலுக்கு மட்டும்தான்.

அந்த மூன்று நாள் பாலில் என்ன இருந்தது என்பதை அறிய அறிவியலுக்கும் நெடுங்காலம் ஆயிற்று. 1900ஆம் ஆண்டையொட்டி பாரிசில் ஹென்றி திசியே, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் கவைபோல் பிரிந்த ஒரு நுண்ணுயிர் நிறைந்திருப்பதைக் கண்டார். இன்று அதைப் பைஃபிடோபாக்டீரியா என்கிறோம். புட்டிப்பால் குழந்தைகளின் மலத்தில் நுண்ணுயிர்க் கலவை வேறாக இருப்பதை ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட் மோரோவும் அதே காலத்தில் கவனித்தார். பாலில் இருக்கும் எந்தப் பொருள் அந்த நுண்ணுயிரை வளர்க்கிறது என்ற கேள்விக்கு விடை வர அரை நூற்றாண்டு ஆனது. 1954ஐ ஒட்டி பால் ஜியோர்ஜியும் ரிச்சர்ட் கூனும் வெளியிட்ட ஆய்வுகள் அதைத் தாய்ப்பாலின் சிக்கலான சர்க்கரைகளில் கண்டன. ஆய்வாளர்கள் இவற்றை ஒலிகோசாக்கரைடுகள் என்பார்கள். லாக்டோஸைச் சர்க்கரையாக நாம் அறிவோம். அதனோடு ஃபுகோஸ், சியாலிக் அமிலம் முதலிய கண்ணிகள் பலவிதமாகக் கோத்துக்கொண்டு உருவாகும் இவற்றில் இதுவரை நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வகைகள் தெரிய வந்திருக்கின்றன. முதிர்ந்த தாய்ப்பாலில் லிட்டருக்கு 5 முதல் 15 கிராம் வரை இருக்கும் இவை, சீம்பாலில் 20 கிராமைத் தாண்டும். மாட்டுப்பாலில் இவை மிக மிகக் குறைவு. பீய்ச்சி மண்ணில் விட்ட அந்த மஞ்சள் பாலில்தான் இவற்றின் செறிவு உச்சத்தில் இருந்தது.

இந்தச் சர்க்கரைகளைப் பற்றி எனக்குத் தீராத வியப்பு ஒன்று உண்டு. குழந்தையால் இவற்றைச் செரிக்க முடியாது. இவற்றை உடைக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை. தன் உடம்பை உருக்கிப் பால் சுரக்கும் தாய், பிள்ளைக்குச் செரிக்காத ஒன்றை ஏன் இவ்வளவு தாராளமாகச் சேர்த்து அனுப்ப வேண்டும்? அது பிள்ளையின் குடலில் குடியேறப் போகும் நுண்ணுயிர்களுக்கான உணவு என்பதுதான் விடை. இரைப்பையையும் சிறுகுடலையும் சேதமின்றிக் கடந்து பெருங்குடலுக்கு வரும் இச்சர்க்கரையைப் பைஃபிடோபாக்டீரியாவின் சில வகைகள் உண்டு அமிலங்களை வெளியிடுகின்றன. குடல் புளிப்பேறுகிறது, கெடுக்கும் கிருமிகள் பெருக இடம் சுருங்குகிறது, குடலின் உட்சுவர் இறுக்கமாகிறது. வயிற்றுப்போக்குக் கிருமிகள் சில, குடல் சுவரில் ஒட்டிக்கொள்ளத் தேடும் பிடியைப் போன்ற வடிவம் இச்சர்க்கரைகளுக்கு இருப்பதால், அவை ஏமாந்து இவற்றில் ஒட்டிக்கொண்டு வெளியேறிவிடுகின்றன. காம்பைலோபாக்டர் என்ற கிருமியின் விஷயத்தில் மெக்சிகோவில் தாய்மார்களிடமும் குழந்தைகளிடமும் செய்த ஆய்வுகள் இதைக் காட்டின. செரிக்காது என்று பாட்டி சொன்னது ஒரு வகையில் சரிதான். ஆனால் அதற்காகத் தள்ள வேண்டியதில்லை, அந்தச் செரியாமையே அதன் பயன்.

இந்த இடத்தில் சேனை என்ன செய்தது என்று நேராகப் பார்க்க வேண்டும். சீனித் தண்ணீர் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும், பெருங்குடலின் நல்ல நுண்ணுயிருக்கு அதனால் சோறு இல்லை. பசி அடங்கிய பிள்ளை மார்பை வலுவாக இழுத்துச் சப்பாது. பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும் என்பதால், பால் இல்லை என்று சொல்லிக் கொடுத்த இனிப்பே பால் இறங்குவதைத் தாமதப்படுத்தியது. கொதிக்க வைக்காத தண்ணீர், கழுவாத விரல், காய்ச்சாத கழுதைப்பால் ஆகியவற்றின் வழியே கிருமி போக வாய்ப்பு உண்டு. தேனில் பொட்டுலிசம் நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும் என்பதால் ஒரு வயது வரை குழந்தைக்குத் தேன் கூடாது என்று மருத்துவர்கள் விலக்குகிறார்கள். இவ்வளவும் தெரிந்த பிறகு சேனையைப் பண்பாட்டு அடையாளம் என்று சொல்லிக் காப்பாற்ற முயல்வது பிள்ளைக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

எங்கள் தாத்தா பாட்டியெல்லாம் சேனை குடித்துத்தானே எண்பது வயது வாழ்ந்தார்கள் என்று பலர் கேட்கிறார்கள். எண்பது வயது வாழ்ந்தவர்கள்தான் இன்று நம் முன்னால் இருந்து இதைச் சொல்ல முடிகிறது. அவர்களோடு பிறந்து, பெயர் வைக்கும் முன்னே போனவர்கள் சாட்சி சொல்ல வர முடியாது. 1970களின் தொடக்கத்தில்கூடத் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூறுக்கும் மேற்பட்டவை முதல் பிறந்தநாளைக் காணவில்லை. இன்று அந்த எண் ஒற்றை இலக்கத்துக்கு நெருங்கி வந்துவிட்டது. இந்த வீழ்ச்சிக்குத் தடுப்பூசி, குடிநீர், மருத்துவமனைப் பிரசவம், பெண்கள் பள்ளிக்கூடம் போனது என்று பல காரணங்கள் உண்டு. சீம்பால் புகட்டியது அவற்றில் ஒன்று. முழுப் பழியையும் சேனையின் தலையில் வைப்பது சரியல்ல. பிழைத்தவர்களை மட்டும் எண்ணி அந்த வழக்கத்துக்கு நற்சான்று தருவதும் சரியல்ல.

இதைவிடக் கடினமான மறுப்பு நம் வேலூரிலிருந்தே வந்திருக்கிறது. கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ரோட்டா வைரஸ் பற்றி நெடுங்காலமாக ஆய்வு நடக்கிறது. அங்கே பிறந்த குழந்தைகளிடையே ஒரு குறிப்பிட்ட வகை ரோட்டா வைரஸ் பரவியது. சில குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது, சிலருக்குத் தொற்று இருந்தும் எந்தத் தொல்லையும் இல்லை. இவர்களுடைய தாய்மார்களின் பாலைச் சோதித்து 2018இல் சசிரேகா ரமணி முதலான ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு எதிர்பாராதது. நோய்க்குறி தெரிந்த குழந்தைகளின் தாய்ப்பாலில் சில ஒலிகோசாக்கரைடுகள் கூடுதலாக இருந்தன. ஆய்வுக்கூடச் சோதனையிலும் அந்தச் சர்க்கரைகள் அந்த ஒரு வகை வைரஸுக்குத் துணை போயின. எல்லாக் கிருமியையும் தடுக்கும் கவசம் என்று இச்சர்க்கரைகளைப் புகழ்ந்தவர்கள் நின்று யோசிக்க வைத்த முடிவு இது. நான் இதை இப்படிப் படிக்கிறேன். பாலும் கிருமியும் லட்சக்கணக்கான ஆண்டுகளாக ஒன்றையொன்று பார்த்து மாறி வந்தவை, தாயின் சர்க்கரையையே தனக்குப் படியாக்கிக்கொண்ட வைரஸ் ஒன்று இருப்பதில் வியப்பில்லை. ஒரு வகை வைரஸ் பற்றிய இந்த முடிவு தாய்ப்பாலின் மொத்தப் பயனைக் குறைத்துவிடாது. தனி ஒரு சர்க்கரையைப் பிரித்தெடுத்து அதன் மேல் எல்லா நன்மையையும் ஏற்றிப் பேசுவதைத்தான் அது தடுக்கிறது. தாய்மார்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருடைய பாலில், மரபணு வேறுபாட்டால், 2-ஃபுகோசில்லாக்டோஸ் என்னும் முக்கியச் சர்க்கரை அநேகமாக இருப்பதே இல்லை. அவர்களின் பிள்ளைகளும் நன்றாகத்தான் வளர்கிறார்கள். சந்தையில் பெரிதாகப் பேசப்படுவதோ இந்த ஒரு சர்க்கரைதான்.

இனி முதுமைக்கு வரலாம். வயது ஏற ஏறக் குடலில் பைஃபிடோபாக்டீரியா குறைவது பரவலாகக் காணப்பட்ட உண்மை. குடல் சுவர் தளர்ந்து, நுண்ணுயிர்களின் கழிவுகள் ரத்தத்தில் கசிந்து, உடம்பு முழுக்க மெலிதான ஓர் அழற்சி நீறு பூத்த நெருப்பாகத் தங்கிவிடுகிறது என்றும், மூளை தேய்வதில் இந்த அழற்சிக்குப் பங்கு உண்டு என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பார்க்கின்சன் நோயாளிகள் பலருக்குக் கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மலச்சிக்கல் வருவது குடலுக்கும் மூளைக்கும் உள்ள உறவை நினைவூட்டுகிறது. ஸ்பெயினில் எலிகளுக்கு 2-ஃபுகோசில்லாக்டோஸை உணவில் கலந்து கொடுத்தபோது அவற்றின் கற்கும் திறன் கூடியது. குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பை அறுத்துவிட்டால் அந்தப் பலன் இல்லாமல் போனது. சியாலிக் அமிலம் சேர்ந்த ஒரு சர்க்கரை இல்லாத பாலைக் குடித்து வளர்ந்த சுண்டெலிகள், வளர்ந்த பிறகும் நினைவாற்றல் சோதனைகளில் பின்தங்கின. குட்டிப் பருவத்துப் பால் முதிர்ந்த மூளையில் தடம் விடுகிறது என்பதற்கு இது நேரடியான சான்று, சுண்டெலியில். மனிதரில் நடந்தவை சிறிய சோதனைகள். நலமான பெரியவர்கள் 100 பேரிடம் டென்மார்க்கில் செய்த சோதனை 2016இல் வெளிவந்தது. இச்சர்க்கரைகளை அவர்கள் உடம்பு தாங்கிக்கொள்கிறது, பைஃபிடோபாக்டீரியா பெருகுகிறது என்று அது காட்டியது. பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் முதியவர்களிடம் சில வாரம் கொடுத்துப் பார்த்ததிலும் அந்த நுண்ணுயிர் கூடியது, ரத்தத்தில் சில மாற்றங்களும் தெரிந்தன.

இந்தச் சான்றுகளை நான் மதிக்கிறேன். தாய்ப்பால் குடிக்கும் வயது கடந்து பல பத்தாண்டுகள் ஆன குடலும் அந்தச் சர்க்கரைக்கு மறுமொழி சொல்கிறது என்பது சாதாரணச் செய்தி அல்ல. ஆனால் மறதி நோய் இருபது முப்பது ஆண்டில் மெல்ல மெல்ல உருவாவது. சில வாரச் சோதனை அதைத் தடுக்குமா என்று சொல்லவே முடியாது. குழந்தைப் பருவத்துப் பாலுக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பையே மனிதரில் நிறுவுவது எத்தனை கடினம் என்பதற்குப் பெலாரஸ் நாட்டு ஆய்வு உதாரணம். 1996, 1997 ஆண்டுகளில் 17,000க்கும் மேற்பட்ட தாய் சேய்களைச் சேர்த்து, சில மருத்துவமனைகளில் மட்டும் பாலூட்ட ஊக்கம் தந்து பார்த்தார்கள். ஆறரை வயதில் அந்தப் பிள்ளைகளின் மொழித்திறன் தெளிவாக மேலே நின்றது. பதினாறு வயதில் அந்த வேறுபாடு பெரும்பாலும் கரைந்து, மொழித்திறனில் மட்டும் சிறிதளவு மிஞ்சியது. பள்ளி, வீடு, நட்பு, உணவு எல்லாம் சேர்ந்து ஆளை உருவாக்கும்போது முதல் ஆண்டின் தடம் மெலிகிறது. பதினாறில் மெலிந்த தடம் எண்பதில் எப்படி இருக்கும் என்று இன்று எவரும் உறுதி தர முடியாது. பெரியவர்களின் குடல் நுண்ணுயிருக்குச் சோறு போட வேறு வழிகளும் இருக்கின்றன. இரவெல்லாம் தண்ணீரில் ஊறிய பழைய சோற்றில் எளிதில் செரிக்காத மாவுச்சத்து கூடுகிறது, அதுவும் பெருங்குடல் வரை போகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி குடல் அழற்சி நோயாளிகளிடம் பழைய சோற்றைப் பற்றி ஆய்வு செய்ய முன்வந்தது இந்த அடிப்படையில்தான். கம்பங்கூழும் சின்ன வெங்காயமும் பயறும் நார்ச்சத்து தருகின்றன. இவையெல்லாம் தாய்ப்பால் சர்க்கரைக்குச் சமம் என்று நான் சொல்லவில்லை, அப்படி ஒப்பிட்டுப் பார்த்த சோதனை எதையும் என்னால் காட்ட முடியாது. விலை உயர்ந்த பொடிக்கு முன்னால் தட்டில் இருப்பதைக் கவனிக்கலாம் என்கிறேன்.

முதல் நாள்களின் பக்கம் திரும்பினால் காலம் பெரிதும் மாறியிருப்பதைக் காணலாம். 1980இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், சத்துணவு மையம், அங்கன்வாடி, கிராம சுகாதார செவிலியர் என்று சீம்பாலைப் புகட்ட வேண்டும் என்ற செய்தியை ஊர் ஊராகப் பெண்கள் கொண்டு போனார்கள். குழந்தைப் பால்மாவு விளம்பரத்தைத் தடுக்கும் சட்டம் 1992இல் வந்தது. அதற்கு முன்பே, 1989இல், மும்பை சயன் மருத்துவமனையில் மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கியிருந்தார். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் பின்னர் அத்தகைய வங்கிகள் வந்தன. தாய்மார்கள் தானமாகத் தரும் பாலை அங்கே 62.5 டிகிரி வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்துக் கிருமி நீக்குகிறார்கள். அந்தச் சூட்டில் எதிர்ப்புப் புரதங்களில் ஒரு பகுதி அழிந்தாலும் நாம் பேசும் சர்க்கரைகள் அப்படியே தங்குகின்றன. எடை குறைந்து, மாதம் முந்திப் பிறந்த பிஞ்சுக்கு அந்தப் பால் உயிர்மருந்து. அதை வணிகமாக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 மே மாதம் எச்சரித்ததை வரவேற்கிறேன். 2015 ஆகஸ்டில் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்ததும் நல்ல காரியம்.

இத்தனைக்குப் பிறகும் கணக்கு நம்மைத் தலைநிமிர விடவில்லை. 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவமனைகளில் நடக்கிறது. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் குடித்த குழந்தைகள் 60 விழுக்காடு அளவில்தான் இருக்கிறார்கள். ஆறு மாதம் நிறையாத குழந்தைகளில் தாய்ப்பால் மட்டும் குடிப்பவர்கள் 55.1 விழுக்காடு. நாட்டின் சராசரியே 63.7 என்கிறபோது, மருத்துவத்தில் முன்னோடி என்று பெருமை பேசும் மாநிலம் இதில் பின்னால் நிற்கிறது. சேனை வைக்கும் பாட்டியை மட்டும் இதற்குக் குற்றம் சொல்ல முடியாது. அதே கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் அறுவை சிகிச்சையில் நடந்தது. மயக்கம் தெளியாத தாய் ஓர் அறையிலும் பிள்ளை இன்னோர் அறையிலும் இருக்கும் அந்தச் சில மணி நேரத்தில் புட்டியும் பால்மாவும் நுழைந்துவிடுகின்றன. சீனித் தண்ணீர் வைத்த இடத்தில் டப்பாப் பால் வந்து உட்கார்ந்துகொண்டது. வீட்டு வாசலில் ஒழித்த வழக்கம் மருத்துவமனை வழியாக வேறு உருவத்தில் திரும்பியிருக்கிறது. அறுவை சிகிச்சை ஆன தாயும் உடன் ஒருவர் கைகொடுத்தால் முதல் மணி நேரத்திலேயே பாலூட்ட முடியும். அதற்குச் செவிலியர் எண்ணிக்கை கூட வேண்டும், பிரசவ வார்டில் பொறுமையாக உட்கார்ந்து பிள்ளையை மார்பில் பொருத்திக் காட்ட ஆள் வேண்டும். உடல்நிலையால் பால் கொடுக்க இயலாத தாயை இந்த எண்களைக் காட்டிக் குத்திப் பேசுவதும் கூடாது. அவளுக்குத் தானப் பால் எட்டும் தூரத்தில் இருக்கச் செய்வது அரசின் கடமை.

தென்காசிச் சீமையில் பேரன் பேத்தி பிறக்கக் காத்திருக்கும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சேனை வைக்க உங்களைக் கூப்பிட்டால் போங்கள். பிள்ளையின் நெற்றியைத் தொட்டு வாழ்த்திவிட்டு, சீம்பாலை முதலில் கொடு தாயி என்று அந்தப் பெண்ணிடமும் அவள் மாமியாரிடமும் நீங்களே சொல்லுங்கள். உங்கள் சொல்லுக்குச் செவிலியரின் சொல்லை விட அந்த வீட்டில் மதிப்பு அதிகம். உங்கள் நினைவாற்றலுக்கு என்று தாய்ப்பால் சர்க்கரைப் பொடியை யாராவது விற்க வந்தால், மறதி நோயை அது தடுத்ததாக மனிதரில் இன்றுவரை நிரூபணம் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். நீரிழிவோ வேறு நோயோ இருந்தால் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.